உப்பளத்து வரப்பில் ஒரு டெஸ்ட் டிரைவ்

போன மாதம், நான் வேலை பார்த்த கார் ஷோரூம் பிள்ளைகள் கூப்பிட்டார்கள் என்று போயிருந்தேன். புதிதாக வந்த வண்டி ஒன்றைக் காட்டினார்கள். நாலு பக்கமும் கேமரா. பின்னால் ஒரு பூனை நின்றால்கூட கீ கீ என்று கத்துகிறது. ரோட்டில் போட்ட கோட்டைத் தாண்டினால் ஸ்டீரிங் தானாகவே நடுங்குகிறது. விற்பனை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: "இதெல்லாம் இல்லாம அப்ப எப்படி அங்கிள், முன்பின் தெரியாதவங்க கையில வண்டியைக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்தீங்க?"

"உயிரைக் கையில புடிச்சிக்கிட்டுத்தாம்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. மரக்காணத்தில் ஒரு நாள் நடந்தது அப்படி. சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என் பெயர் கோவிந்தசாமி. கோட்டக்குப்பம் பக்கம். லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, டாக்சி ஓட்டி, முதுகு போய், கடைசியில் புதுச்சேரியில் ஒரு கார் ஷோரூமில் டெமோ டிரைவராக வந்து உட்கார்ந்தவன். ரிட்டயர் ஆகும்வரை அங்கேதான். வாங்க வருகிறவர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். அப்புறம் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு இடது சீட்டில் உட்கார வேண்டும். பாதி வேலை அது. மீதிப் பாதி, வண்டிக்குள் நடக்கும் குடும்பச் சண்டை காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. கலர் சண்டை, மாமியார் சண்டை, 'உங்க அண்ணன் வாங்கினதைவிடச் சின்னதா?' என்கிற சண்டை, எல்லாம் கேட்டிருக்கிறேன்.

எங்கள் மேனேஜர் பாலசுந்தரம் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுவதாக இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நாம் செய்த தப்பு நமக்கே விளங்கிவிடும். அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பாடம், பணம் கொடுப்பவரைப் பார்க்காதே, உட்காரப் போகிறவரைப் பார் என்பது. பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு வண்டி வாங்க வந்தால் அவரே எழுந்து வந்து கதவைத் திறப்பார். ஏறுவதற்குக் கை கொடுக்க மாட்டார். பெரியவர்கள் எதைப் பிடித்து ஏறுகிறார்கள், எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஏறும்போது 'முருகா'ன்னா உயரம் ஜாஸ்தி. உக்காந்ததும் 'அப்பாடா'ன்னா வண்டி வித்தாச்சு. ரெண்டும் சொல்லலைன்னா, புள்ளைக்குப் பயந்துகிட்டு வாயை மூடியிருக்காங்கன்னு அர்த்தம்" என்பார்.

இன்னும் சில சட்டங்கள் அவருக்கு உண்டு. டெஸ்ட் டிரைவை ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் வைத்து முடித்துவிடக் கூடாது. அந்த ரோட்டில் கட்டை வண்டிகூட வழுக்கிக்கொண்டு போகும். வாங்குகிறவர் தினமும் போகும் வழியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். சாவி கொடுப்பதற்கு முன் லைசென்ஸைக் கண்ணால் பார்க்க வேண்டும். வாங்க வருகிறவர்களில் யார் ஓட்டினாலும் இடது சீட் டெமோ டிரைவருக்கு. அவன் வலது கை கைப்பிரேக்கை விட்டு நகரக் கூடாது. மந்திரியே வந்து கேட்டாலும் அந்தச் சீட்டைக் கொடுக்காதே என்பார். மந்திரி யாரும் வரவில்லை. குமரவேலுவின் அம்மா வந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில், சுனாமி போன பிறகு வந்த கோடை அது. குமரவேலு துபாயில் ஏதோ கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர். லீவில் வந்திருந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஷோரூம் கதவை நிறைத்துக்கொண்டு உள்ளே வந்தான்; அப்படி ஓர் உடம்பு. அப்பாவுக்கு மரக்காணத்தில் உப்பளம். அவருக்கு ஒரு எஸ்யூவி வேண்டும், இருப்பதிலேயே பெரியது எது என்று கேட்டான்.

"எங்கப்பா வாழ்க்கை பூரா வெயில்லயும் உப்புலயும் நின்னுட்டாரு சார். இன்னமும் ஒரு ஓட்ட ஜீப்பு வச்சிக்கிட்டு ஓட்டுறாரு. மேல கூரை இல்ல, கதவு இல்ல, தகரமெல்லாம் உப்புக் காத்துல அரிச்சிப் போச்சு. இனிமே அவரு ஏசிலதான் போவணும். கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக் குடுங்க. வெயில்னு ஒண்ணு உள்ள வரவே கூடாது."

"அப்பா வண்டியைப் பார்த்தாரா?" என்றார் சார்.

"அவருக்குத் தெரியாது. சர்ப்ரைஸ்."

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு நம்ம ஆளு வண்டியை உங்க ஊருக்கே கொண்டு வருவாரு. அப்பா ஏறி உக்காரட்டும். அவங்க உப்பளத்துக்குப் போற வழியில ஓட்டிப் பாருங்க. பிடிச்சிருந்தா எழுதிக்கலாம்" என்றார்.

மறுநாள் காலை டெமோ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சுற்றிலும் கறுப்பு ஃபிலிம், முன் கண்ணாடியில்கூட லேசாக ஒட்டியிருந்தது. கதவை அடைத்தால் வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வராது. அந்த வண்டியின் பெருமையே அதுதான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வோம். மீனவர் குப்பத்துப் பக்கம் ரோட்டோரத்தில் சுனாமி தூக்கிப் போட்ட உடைந்த படகுகள் அப்படியே கிடந்தன.

வீடு ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. குமரவேலுவின் அப்பா சபாபதி வாசலுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. கண்ணை இடுக்கிக்கொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து நின்றார். எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை. உப்பளத்துக்காரர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். வெயிலில் உப்பு அடிக்கும் வெள்ளையைப் பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டில்கூடக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் நிற்பார்கள்.

அவர் பின்னாலேயே அவர் மனைவி தனம். மெலிந்த உடம்பு. வாய் மட்டும் ஓயாது.

"இன்னாங்க, வண்டி செவப்பு கலரு. நம்ம ஜீப்ப வுட ஒரு முழம் ஒசரம். கீழ படி வச்சிருக்கான், அதுல கால வைங்க. கதவு தொறந்து கெடக்குது. தலைல இடிச்சிக்காதீங்க, மேல புடி இருக்குது பாருங்க."

பாவம் மனிதர், கல்யாணம் ஆன நாளிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று நான் நினைத்தேன். அவர் முருகாவும் சொல்லவில்லை, அப்பாடாவும் சொல்லவில்லை. சீட்டைத் தடவினார். முன் பலகையைத் தடவினார். ஏசி வரும் துவாரத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிடித்துப்போய்விட்டது என்று நான் சாருக்கு மனசுக்குள் தகவலே அனுப்பிவிட்டேன்.

உப்பளம்வரை நான் ஓட்டினேன். பெரியவர் என் பக்கத்தில், அம்மாவும் மகனும் பின்னால். வழி நெடுக அம்மா நிறுத்தவே இல்லை. "தோ கன்னுக்குட்டி குறுக்க வருது. பக்கத்து அளத்துக்காரன் உப்பு அம்பாரத்துக்கு இன்னும் ஓலக் கீத்து போடல பாருங்க. பள்ளம். இப்ப பம்ப்பு ரூமு வந்துரும்." எனக்கு எரிச்சலாக வந்தது. ஓட்டுகிறவன் நான்; பள்ளம் எனக்குத் தெரியாதா?

"எங்கம்மாவ ரேடியோ ஸ்டேஷன்ல சேத்து வுட்டுடலாம்ணா" என்று சிரித்தான் குமரவேலு.

உப்பளத்துக்குள் போகும் பெரிய வரப்பு தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு டிராக்டர் போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்திகள். உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடக்க, நடுவில் கறுப்பு மண் வரப்பு நேராகப் போய்த் தூரத்தில் இடது பக்கம் வளைகிறது.

"அப்பா, நீ ஓட்டு" என்றான் குமரவேலு.

"இருக்கட்டும்பா. அவுரே ஓட்டட்டும்."

"உனக்குத்தானே வாங்குறேன்? இந்த வரப்புல நீ தூக்கத்துலயே ஜீப்பு ஓட்டுவியே. எறங்கி இந்தப் பக்கம் வா."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்போது அந்த அம்மா கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, முன்னாடி நான் உக்காந்துக்கறனே."

"இல்லம்மா. கம்பெனி ரூல்ஸு. நான்தான் உக்காரணும்."

"ஜீப்புல எப்பவும் நான்தான் முன்னாடி உக்காருவன்."

"ஜீப்புல சரிம்மா. இது கம்பெனி வண்டி."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பேசாமல் பெரியவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.

வண்டியை எடுத்தது ஒரு பழைய டிரைவரின் கை. கிளட்ச், கியர், எதிலும் ஓர் இடறல் இல்லை. கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்தார். காற்று வந்தது. தூரத்தில் உப்புத் தண்ணீர் இறைக்கும் பம்ப் டப டப என்று கேட்டது.

"கண்ணாடிய ஏத்துப்பா, ஏசி வீணாப் போவுது" என்றான் குமரவேலு.

"கொஞ்சம் தொறந்திருக்கட்டுமே."

"உப்புத் தூசு உள்ள வரும். அண்ணா, ஏத்துங்கண்ணா. பாட்டு போடுங்க, ஸ்பீக்கர் எப்படின்னு அவரு கேக்கட்டும்."

நான் பட்டனை அமுக்கினேன். கண்ணாடி ஏறியது. பாட்டு போட்டேன். பம்ப் சத்தம் நின்றுபோனது. வெளியே அத்தனை வெயில். உள்ளே சாயங்காலம் மாதிரி ஆகிவிட்டது.

பின்னாலிருந்து அம்மா ஆரம்பித்தார். "ஏங்க, கொஞ்சம் வலது பக்கமா..."

"அம்மா! வாய வச்சிக்கிட்டு சும்மா வரமாட்டியா? காலம் பூரா இந்த வரப்புலயே வேலை பாத்த மனுசனுக்கு நீ வழி சொல்றியா? அவர நிம்மதியா ஓட்ட வுடும்மா."

அம்மா அடங்கிவிட்டார். ரொம்ப நாள் கழித்து வந்திருக்கும் பிள்ளை; எதிர்த்துப் பேச மனசு வரவில்லை போலிருக்கிறது. வண்டிக்குள் பாட்டும் ஏசியும் மட்டும்தான். குமரவேலு கேமரா வைத்த செல்போனை எடுத்து அப்பா ஓட்டுவதைப் போட்டோ பிடிக்க ஆரம்பித்தான்.

எதிரே கொஞ்ச தூரத்தில் வரப்பைக் குறுக்கே வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குத் தண்ணீர் விடக் குழாய் பதிக்கிற வேலை. ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டிருந்தது. பள்ளத்துக்குள் இரண்டு பேர் இடுப்பளவு மறைந்து நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் இப்போது பிரேக் போடுவார் என்று நான் காத்திருந்தேன். போடவில்லை. லாரிக்காரர்கள் மாதிரி கடைசி நேரத்தில் அழுத்திப் பழகியவர் என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளத்தில் இருந்தவர்கள் நிமிர்ந்து கையை ஆட்டினார்கள். நான் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன். முகம் லேசாகச் சாய்ந்து, காதைக் கண்ணாடிப் பக்கம் கொடுத்திருந்தார். கண்கள் நேராக அந்த ஆட்கள் மேல்தான் இருந்தன. ஆனால் அந்தக் கண்கள் அவர்களைப் பார்க்கவில்லை.

கைப்பிரேக்கை என் பலம் மொத்தத்தையும் கொடுத்து இழுத்தேன். அதே நேரத்தில் பின்னாலிருந்து "நில்லுங்க!" என்று ஓர் அலறல். அந்த அம்மாவின் கை பெரியவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வண்டி மண்ணில் தேய்ந்து, ஒரு பக்கமாகத் திரும்பி, இன்ஜின் அணைந்து நின்றது. முன் சக்கரத்துக்கு அடியிலிருந்து மண் பொலபொலவென்று பள்ளத்துக்குள் சரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பாத்தியில் குதித்து உப்புத் தண்ணீரில் விழுந்து எழுந்தார்கள்.

"யோவ்! இன்னாத்துக்குய்யா பிரேக்க இழுத்த?" என்று குமரவேலு என்மேல் பாய்ந்தான். அவன் மூக்கு முன் சீட்டில் இடித்திருந்தது. வெளியே இருந்ததை அவன் இன்னும் பார்க்கவில்லை.

பெரியவர் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். ரொம்ப மெதுவாகக் கேட்டார்:

"தனம், முன்னாடி இன்னா இருக்குது?"

"வரப்ப வெட்டிப் போட்டிருக்காங்க. ரெண்டு பேரு உள்ள நின்னாங்க."

"யாருக்காச்சும் அடி பட்டுச்சா?"

"இல்ல. எழுந்துட்டாங்க."

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நான் அதை நிறுத்தினேன்.

குமரவேலு அம்மாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், வெளியே பள்ளத்தைப் பார்த்தான். "அப்பா, தோ இருக்குதே, இது உனக்குத் தெரியலையா?"

அம்மாதான் சொன்னார். "நீ மொதோ தடவ லீவுல வந்துட்டுப் போனதுக்கு அப்பறம் ஆரம்பிச்சிதுடா. மொதல்ல ஓரமெல்லாம் மறைஞ்சிது. இப்ப வெள்ளையும் கறுப்பும் மட்டும் தெரியுது. உப்பு வெள்ளையா இருக்குது, வரப்பு கறுப்பா இருக்குது, அத வச்சி ஓட்டுவாரு. மத்தத நான் சொல்லுவன்."

"இந்த வண்டியில கண்ணாடியே கறுப்பா இருக்குது" என்றார் பெரியவர், யாரிடமோ நியாயம் கேட்பது போல. "வெள்ளையும் தெரியல, கறுப்பும் தெரியல. பம்ப்பு சத்தம் கிட்டக்க வந்தா வளைவுன்னு தெரியும். அதுவும் கேக்கல. இவளும் பேசல."

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. ஜீப்! இந்த மனிதர் இத்தனை வருஷமாக ஜீப் ஓட்டிக்கொண்டிருக்கிறார். வரப்பில் மட்டுமா? "ஐயா, ரோட்டுலயுமா ஓட்டுனீங்க?" என்று கேட்டேன். வாரச் சந்தைக்கும் கோயிலுக்கும் ஈசிஆர் வழியாகத்தான் போவோம் என்றார் அந்த அம்மா, ஏதோ மாட்டு வண்டியில் போய் வந்த மாதிரி. பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு. சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற ரோடு. அதே ரோட்டில் நான் எத்தனை தடவை அந்த ஜீப்புக்கு எதிரே வந்திருப்பேன்! லாரியில் இருந்த காலத்தில் பெரிய விபத்துகளைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அடுத்த நிமிஷமே வண்டியை எடுத்துக்கொண்டு போனவன். கதவைத் திறந்து இறங்கி, வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே குமரவேலுவின் குரல் கேட்டது. "ஏர்போர்ட்டுல என்னைப் பாத்ததும் 'இளைச்சிட்டியேடா'ன்னு சொன்னியேப்பா. நான் ரெண்டு ஆளு கனம் ஆயிருக்கேன். நீ இளைச்சிட்டேன்னு சொன்ன."

"எல்லா அப்பனும் அதத்தானடா சொல்லுவான்."

"ஏன்பா என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ இன்னா பண்ணியிருப்ப?"

"வேலைய வுட்டுட்டு வந்திருப்பேன்."

"அதான் சொல்லல. இந்த உப்பு என்னோட போவட்டும். நீ இதுல வந்து நிக்கக் கூடாது."

"அதுக்காக ரெண்டு பேர ஏத்திக் கொன்னுருப்பியேப்பா!" அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது.

பெரியவர் கதவைத் திறந்தார். இறங்கினார். வண்டியைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தார். பள்ளத்தின் விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்தார். காலடியில் மண் சரிந்ததும் பின்வாங்கி நின்றார். "யாரெல்லாம் இருந்தீங்க?" என்றார். "ஏழுமலைங்க" என்று ஒரு குரல் வந்தது. நனைந்த உடம்போடு நின்ற அந்த மனிதனை நோக்கி, குரல் வந்த திசைக்கு, இரண்டு கையையும் கூப்பினார். பிறகு சாவியை எடுத்து என் கையைத் தேடி வைத்தார். "இனிமே தொட மாட்டன்" என்றார்.

ஷோரூமுக்குத் திரும்பி வந்து சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். "கைப்பிரேக்குல கை இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்துச்சு சார்" என்றேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையன் ஒருவனை அழைத்து எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். அதுவும் அவர் வழக்கம் இல்லை.

குமரவேலு அப்பாவைப் புதுச்சேரியில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது போனதுதான், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்று சொல்லிவிட்டார்கள். லீவு முடியும் நேரத்தில் மூன்று பேரும் ஷோரூமுக்கு வந்தார்கள். குமரவேலு கதவை நிறைத்துக்கொண்டு வரவில்லை. அப்பாவைக் கையைப் பிடித்து, ஒருக்களித்து நடத்திக்கொண்டு வந்தான்.

"வண்டி வேணும் சார். டாக்டர்கிட்ட அடிக்கடி வரணும். ஒரு டிரைவர் போட்டுடறேன்" என்றான்.

"டிரைவரா?" என்றார் பெரியவர். "அவன் நாளைக்கே ஊரெல்லாம் சொல்லிருவான். உப்பு வாங்க வர்ற வியாபாரி அத்தினி பேரும் என் வெள்ள உப்பயே கறுப்புன்னு சொல்லி வெலைய கொறப்பான்."

சார் அந்த அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப யாருங்க ஓட்டப் போறது?"

"நான் ஓட்டறன்" என்றார் அம்மா.

குமரவேலு திரும்பினான். "அம்மா, உனக்கு வயசு இன்னா ஆவுது?"

"இத்தினி வருஷமா வண்டிய நான்தான்டா ஓட்டறன். ஸ்டேரிங்கு மட்டும்தான் அவுரு கையில இருந்துது."

ஓரத்தில் நின்ற விற்பனைப் பையன் சிரிக்கப் பார்த்தான். சாரின் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனதும் அடக்கிக்கொண்டான். சார் எழுந்து போய் மகன் கேட்ட பெரிய வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். "ஏறி உக்காருங்கம்மா."

ஏறினார். கால் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ளினோம், எட்டியது. அவர் கழுத்தை நீட்டி நீட்டி முன்னால் பார்த்தார். "கீழ இன்னா இருக்குதுன்னே தெரியலையே. பானட்டு மறைக்குது. வரப்புல சக்கரம் எங்க போவுதுன்னு நான் பாக்க வேணாமா?" என்று இறங்கிவிட்டார். அதற்கடுத்த வண்டியில் பக்கக் கண்ணாடி சின்னது என்றார். கடைசியில், மூலையில் நின்ற சின்ன எஸ்யூவி ஒன்று, மூக்கு குட்டையாக, பெட்டி மாதிரி சதுரமாக இருந்தது. வருகிறவர்கள் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தரையைப் பார்த்தார். முருகாவும் இல்லை, அப்பாடாவும் இல்லை. "இது போதும்" என்றார்.

"ஃபிலிம் ஒட்டாதீங்க" என்றார் பெரியவர்.

குமரவேலு கிளம்புகிற அன்றைக்கு எனக்குப் போன் செய்தான். "அம்மாவுக்கு நீங்கதாண்ணா கத்துக்குடுக்கணும்" என்றான். வரப்பில் யோவ் என்றவன். இன்னும் ஏதோ சொல்ல வந்து, போனை வைத்துவிட்டான்.

சார் அனுமதி கொடுத்தார். காலை வேளைகளில் ஊருக்கு வெளியே இருந்த திடலில் சொல்லிக் கொடுத்தேன். கிளட்ச்சுக்கும் அந்த அம்மாவின் இடது காலுக்கும் ரொம்ப நாள் ஒத்துவரவில்லை. நான் அதட்டினால் பதிலுக்கு என்னை அதட்டுவார். ஆனால் ரோட்டில் இறங்கியதும் எனக்கு வேலையே இல்லை. எந்தத் திருப்பத்தில் ஆடு வரும், எந்த இடத்தில் பஸ்காரன் ஏறி வருவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆர்டிஓ முன்னால் எட்டு போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கினார். பெரியவர் வீட்டிலேயே இருந்தார். அவள் கற்றுக்கொண்டு வரட்டும், அப்புறம்தான் ஏறுவேன் என்று சொல்லிவிட்டார்.

அவரை ஏற்றிக்கொண்டு உப்பளத்துக்குப் போன முதல் நாள் என்னையும் கூட வரச் சொன்னார்கள். இடது சீட்டில் பெரியவர். வேலையில் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கைப்பிரேக் எட்டாத தூரத்தில் என் கை சும்மா கிடந்தது. கண்ணாடி எல்லாம் இறக்கியிருந்தது. பெரியவர் புதுச் சட்டை போட்டிருந்தார், முகத்தில் சிரிப்பு.

வண்டி வரப்பில் ஏறியது. அம்மா இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மண்ணைப் பார்த்து ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் பெரியவரின் சிரிப்பு குறைந்தது. முகத்தை மனைவி பக்கம் திருப்பினார்.

"தனம்."

பதில் இல்லை.

"தனம், இன்னா ஒண்ணுமே சொல்ல மாட்டன்ற?"

"ஓட்டிக்கினு இருக்கன் இல்ல? பேச்சு குடுக்காதீங்க."

அவர் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். பள்ளத்தின் விளிம்பில் நின்ற அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்க்கவில்லை. அப்போதுதான் அது என் புத்திக்கு எட்டியது. மகன் யோசிக்கவில்லை, டாக்டர் யோசிக்கவில்லை, பாலசுந்தரம் சார்கூட யோசிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரு ஜோடிக் கண். இதுவரை அவருக்குக் கொடுத்துவைத்திருந்ததை இப்போது ரோட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. முன்னால் குனிந்து, "ஐயா, இடது பக்கம் பாத்தியில உப்பு வாரிக்கிட்டு இருக்காங்க. பொம்பளைங்க ஏழெட்டுப் பேரு. உப்பு நல்லா விளைஞ்சிருக்குது" என்றேன்.

அவர் உடனே என் பக்கம் காதைத் திருப்பினார். "யாரோட பாத்தி?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு எல்லாப் பாத்தியும் ஒன்றுதான், வெள்ளை. "தெரியலைங்களே" என்றேன்.

அவர் அப்படியே காத்திருந்தார். வண்டி வரப்பின் வளைவில் மெதுவாக, சரியாகத் திரும்பியது.

"நம்மளுதுதாங்க" என்றார் அந்த அம்மா, வரப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.